சோதனை ஆள்

"சித்தப்பா... நீங்களா?"

பேருந்து நிலையத்தின் கடைசி பெஞ்சில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். முதல் பேருந்து இன்னும் கிளம்பவில்லை. கையில் படிவத்தோடு நின்ற கல்லூரிப் பெண் பேனாவை மூடினாள். வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க வந்த இடத்தில் சொந்தச் சித்தப்பாவே எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

"வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க. அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

சித்தப்பா நிதானமாகச் சட்டைக்குள் கைவிட்டு, ஓர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

"சோதனை ஆள்னு உங்க வகுப்புல சொல்லியிருப்பாங்களே."

சொல்லியிருந்தார்கள். கணக்கெடுப்பவர்கள் ஆளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறார்களா என்று கண்டுபிடிக்க, அலுவலகமே சில ஊழியர்களுக்கு வேஷம் போட்டுத் தெருவில் உட்கார வைக்கும். கேட்டால் அட்டையைக் காட்டுவார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சிக்கனம் கருதி அட்டையில் பெயரோ படமோ கிடையாது, முத்திரை மட்டும்.

"இதுதான் அந்த வேலையா? ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு சித்தப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தாடி, கிழிஞ்ச சட்டை... வாசனைகூட அசலா இருக்கு."

"எடுத்த வேலையைச் சுத்தமா செய்யணும்மா."

பெஞ்சின் மறுமுனையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் இருமினார்.

"இவர்?"

"இவரு நிஜம். எழுதிக்கோ."

அவள் போர்வைக்காரர் முன்னால் குனிந்து, முகம் பார்த்துக் கேட்டாள். "ஐயா, எத்தனை மாசமா இங்க தூங்குறீங்க?"

போர்வைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

"அஞ்சு மாசம்," என்றார் சித்தப்பா. "ராத்திரி பூரா பக்கத்துலதானே இருந்தேன், விசாரிச்சுட்டேன்."

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க. போய் நிக்க மனசு வரலையாம்."

"பாவம், நீங்க ஆபீசர்னு தெரிஞ்சதும் இவருக்குப் பேச்சே வரல," என்று சித்தப்பாவின் காதில் சொல்லிவிட்டு, ஓர் ஆள் என்று எழுதிக்கொண்டாள். நடந்துகொண்டே கைபேசியை எடுத்தாள். "அப்பா, சித்தப்பாவைப் பாத்தேன். பெரிய ஆளாயிட்டாருப்பா. எங்களுக்கே பரீட்சை வைக்கிறாரு. நான் பாஸ்."

அவள் தலை மறைந்ததும் அலுவலக வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, போர்வைக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க சார், டூட்டி முடிஞ்சுது."

சித்தப்பா அட்டையை எடுத்துப் போர்வைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். "அவ தூரத்துல வர்றதைப் பாத்துட்டு நான் கேட்டதும் யோசிக்காம குடுத்தீங்க, ரொம்ப நன்றி சார். கணக்குலயும் தப்பு வரல. எங்க வீட்டுப் பொண்ணு, ஒருத்தரையும் விடல பாத்தீங்களா."