லூர்துமேரியின் மோனோபோலி

இப்போதெல்லாம் பொருளாதார இங்கிலீஷ் வார்த்தைகளைக் காதில் சொட்டு மருந்தாக விட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் பேசாவிட்டால் வார்த்தை ஆவியாகிவிடும். மீன் மார்க்கெட்டை ஒரே கம்பெனிக்குக் கொடுப்பது பற்றிய விசாரணையில் அந்த இங்கிலீஷில்தான் வாதாட வேண்டும். எங்கள் மீன்காரி லூர்துமேரி பத்து நாள் புருஷனிடமே பேசிப் பழகினாள்.

“ஃபேனை உன் பக்கமே திருப்பிக்கிட்டா அது மோனோபோலிய்யா!”

தெருவே அதிர்ந்தது.

விசாரணையில் அவள் முழங்கியபோது கூரையில் நாலு ஓடு பறந்தது, சத்தியம். கம்பெனி வக்கீலுக்கோ எல்லா வார்த்தையும் ஆவியாகியிருந்தது. மார்க்கெட் மீன்காரிகளுக்கே என்று தீர்ப்பானது.

லூர்துமேரி பரிதாபப்பட்டு அவரிடம் போனாள்.

“என்னா சார், வீட்ல சண்டையே கிடையாதா?”

“இன்னும் கல்யாணம் ஆகலைம்மா.”