வாசலில் நிறுத்திப் பேசுபவர்

கிருமிகளைக் கொன்றே பேர் வாங்கிய ஆன்டிபயாடிக் ஒருவரை, ஆய்வுக்கூடத்து எஃகுக் குழாய்க்குள் ஒட்டிவைத்திருந்தார்கள். போகிற வருகிற மூலக்கூறுகளை நிறுத்திப் பேசுவதுதான் இப்போது இந்த அண்ணாச்சிக்கு வேலை. அது அவருக்குப் பிடித்தும் போயிற்று.

ஒரு நாள் இடத்தான், வலத்தான் என்று இரட்டை மூலக்கூறுகள் கரைசலில் மிதந்து வந்தார்கள். ஒருவன் மற்றவனின் கண்ணாடிப் பிம்பம். தராசுக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஒருவன் வலியைத் தீர்ப்பவன், இன்னொருவன் வயிற்றைக் கெடுப்பவன். சேர்ந்தே திரிந்ததால் திட்டு இருவருக்கும் விழுந்தது.

“வாங்க தம்பிகளா” என்று அண்ணாச்சி கையை நீட்டினார்.

வலத்தான் கொடுத்த கை, கால் மாற்றிப் போட்ட செருப்புபோல் இடித்தது. “அவசரம் அண்ணாச்சி” என்று நழுவிவிட்டான். இடத்தானின் கையோ கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணாச்சி விடுவாரா? எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டாயா என்று பிடித்துக்கொண்டார்.

குழாயின் அந்தக் கோடியில் வலத்தான் ஒரு சீசாவுக்குள் இறங்கினான். உடனே ஆய்வுக்கூடத்தார் அவனை மட்டும் தனியாக மூடி எடுத்துவிட்டு, பின்னால் வருபவனுக்கு வேறு சீசாவை வைத்தார்கள்.

“ஐயோ, அவன் போயிட்டானே!” என்று இடத்தான் பதறினான்.

“போனா என்ன? நீ மெதுவாப் போ.”

விடைபெறும்போது இடத்தானுக்குக் கண் கலங்கியது. “என்னை இவ்வளவு நேரம் யாரும் பிடிச்சு வெச்சுப் பேசினதே இல்ல, அண்ணாச்சி.”

வயிற்றைக் கெடுப்பவன் அவன்தான் என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.

“இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பார்க்காமப் போகாதே” என்றார். மனசாரத்தான் சொன்னார்.