எழவு வீட்டில் சொல்லக் கூடாதது

நார்வே சுற்றுலா முடிந்து மகள் மதுவந்தியோடு திண்டுக்கல்லில் வந்து இறங்கியபோது, எங்கள் தெருமுனையில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே அத்தானின் படத்துக்கு மாலை.

அலறிக்கொண்டு ஓடினேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"இப்ப எதுக்குடி வந்த? அதான் போன்லயே நல்லா அழுது முடிச்சிட்டியே. கடைசியில 'போயிட்டு வரேன்க்கா'ன்னு சொல்லிட்டு வேற வெச்ச. எழவு வீட்டுல சொல்ற வார்த்தையா அது? இன்னொரு எழவுக்கா வரப் போற?"

அந்தப் போனைப் பேசியது நான் இல்லை. ஊர் திரும்பும்வரை என் குரலிலேயே எல்லோருக்கும் பதில் பேச மதுவந்தி ஒரு செயலியை வைத்திருந்தாள். பால்காரருக்கும் கேஸ்காரருக்கும்தானே என்று நானும் சம்மதித்திருந்தேன்.

அவளை வாசலுக்கு இழுத்து வந்தேன். "உனக்குத் தெரியுமாடி?"

"அன்னிக்கே தெரியும்மா. நாம பனிமலை மேல இருந்தோம். நீ எத்தனை வருஷமா ஆசைப்பட்ட டூர், அது கெட்டுடக் கூடாதுன்னுதான்..."

என் கூடப் பிறந்தவள் தாலியைக் கழற்றிய அன்று, நான் பனியில் நின்று போட்டோவுக்குச் சிரித்திருக்கிறேன்.

"எனக்குப் பதிலா அழக்கூடவா செய்யும் அது?"

மதுவந்தி போனை எடுத்தாள். "எழவு வீட்டுல 'வரேன்'னு சொல்லக் கூடாதுன்னு அதுக்குத் தெரியலம்மா. இப்பவே சொல்லி வெச்சிடறேன். அடுத்த தடவை தப்பு வராது."

"அடுத்த தடவைன்னா யாருடி?" என்று கத்தினேன்.

உள்ளே அக்காவின் விசும்பல் நின்றது.