சீனியம்மாளின் குடம்

மாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களின் காலில் வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வருஷா வருஷம் சட்டி ஏந்தும் வெள்ளைத்தாய் எல்லா வாசலிலும் நிற்பாள். ஓரகத்தி சீனியம்மாள் வாசலை மட்டும் பதினோரு வருஷமாகத் திரும்பிப் பாராமல் கடந்துவிடுவாள். என் மூக்குத்தியைத் திருடியவள் கையாலா ஊற்றிக்கொள்வது என்பாள். இந்த வருஷம் அந்த வாசலில் அவள் கால் நகரவில்லை. வேப்பிலையையும் மீறிச் சட்டி உள்ளங்கையைச் சுட்டது. மேளம் குழம்பி நின்றது.

“சீனி, மூக்குத்தி என் அரிசிப் பானைக்குள்ளயே கிடந்துச்சுடி. மறுநாளே கிடைச்சிருச்சு. உன்னைக் களவாணின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, இதைச் சொல்ல எனக்கு வாய் வரல,” என்றாள் வெள்ளைத்தாய், தெரு முழுக்கக் கேட்கும்படி. சட்டி ஏந்திய கையால் கும்பிட முடியாததால் தலையைத் தாழ்த்தினாள்.

சீனியம்மாள் படியிறங்கி அவள் முன்னால் வந்தாள்.

“நான் வருஷா வருஷம் குடத்தோடதானே நிக்கிறேன்,” என்றாள். பிறகு குனிந்து, முழுக் குடத்தையும் அந்தக் கால்களில் ஊற்றினாள்.

தண்ணீர் காலில் விழ, சட்டியில் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பியது. முதல் குலவை சீனியம்மாளுடையது. அதைத் தெருவே வாங்கிக்கொண்டது. வெள்ளைத்தாய் கோயிலைப் பார்த்து ஓடத் தொடங்கினாள். சட்டி கையில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.