மீசை ஒத்திகை

மீசை மறுபடியும் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பெரியக்கா அதை ஆள்காட்டி விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டு, "சரி, அடுத்த பொண்டாட்டி யாரு?" என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீள அறை. வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்காகப் பெரியக்கா நடத்தும் சங்கம் அது. வக்கீல் பிடித்துத் தருவார். தங்க இடம் பார்த்துத் தருவார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடவே வந்து உட்காருவார். இன்ஸ்பெக்டரே எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவார்.

சனிக்கிழமை மதியம் மட்டும் இந்தக் கூத்து. நாடகச் சாமான் கடையில் வாங்கிய மீசையை ஒட்டிக்கொண்டு, பெரியக்கா புருஷனாகக் கதவைத் திறந்து வருவார். வந்து எதையாவது கேட்பார். கேட்கப்பட்டவள் "முடியாது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

ஒருமுறை மோட்டார் சாவி கேட்க மேலே வந்த சைக்கிள் கடைக்காரர், மீசையோடு கதவைத் திறந்த பெரியக்காவைப் பார்த்து, அக்கா இல்லீங்களா சார் என்று கேட்டுவிட்டுப் போனது சங்கத்தின் சரித்திரம்.

இன்றைக்குக் கணக்கு டீச்சர், முடியாது என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் காபி போடட்டுமா என்று கேட்டுவிட்டார். பேக்கரியில் வேலை செய்யும் குண்டம்மாவுக்கு மீசையைப் பார்த்ததும் சிரிப்பு வந்து, சிரிப்பு புரையேறி, கடைசியில் புருஷனே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக எழுந்தவள் லேப்காரி. சங்கத்துக்குப் புதிது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. மலை மாதிரி ஆட்கள்கூட அவள் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அசையாதீங்க என்றால் அசைய மாட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று அவளுக்கே தெரியாது.

முதன்முதலில் இங்கே வந்த அன்று அவளுக்குப் பேச்சே வரவில்லை. பெரியக்கா எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷிக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது என்று அன்றைக்கே லேப்காரி முடிவு கட்டிவிட்டாள்.

பெரியக்கா வெளியே போய்க் கதவைச் சாத்தினார். திறந்தார்.

கத்தவில்லை. செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்தார். மேஜை மேல் ஒரு விரலை இழுத்து, தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அந்த விரலை லேப்காரியின் துப்பட்டாவிலேயே நிதானமாகத் துடைத்தார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, கொஞ்சம் பிரியமாகக்கூட, "போன்ல யாரும்மா?" என்றார்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

லேப்காரி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவள் புருஷன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவன். இது வேறு ரகம். கத்துகிறவனே தேவலை என்று தோன்றியது. எத்தனை பேர் கதையைக் கேட்டிருந்தால் இப்படி நடிக்க வரும் என்று அந்தப் பயத்துக்கு நடுவிலும் அதிசயப்பட்டாள்.

பெரியக்கா கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

லேப்காரி கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "முடியாது" என்றாள். எலி கீச்சிட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் தொண்டையோடு சொன்னாள்.

அறை கைதட்டலில் அதிர்ந்தது. குண்டம்மா விசிலே அடித்துவிட்டாள். பெரியக்கா லேப்காரியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மீசை கன்னத்தில் குத்தியது. "அதோட நிறுத்திக்கணும். காரணம் சொன்னீங்கன்னா, அதையே புடிச்சுக்கிட்டு உள்ள வந்துடுவாங்க."

அப்போது போன் அடித்தது.

எல்லோரும் லேப்காரியின் கையைப் பார்த்தார்கள். அடித்தது அதுவல்ல. சத்தம் பெரியக்காவின் பைக்குள்ளிருந்து வந்தது.

பெரியக்கா எடுத்துப் பெயரைப் பார்த்தார். அவ்வளவு நேரம் புருஷனாக நிமிர்ந்திருந்த முதுகு, பச்சைப் பொத்தானை அழுத்துவதற்குள் அரைச் சாண் குறைந்துவிட்டது.

"இதோ கிளம்பிட்டேங்க... இல்லைங்க, ஆம்பளைங்க யாருமே இல்லைங்க... அது கீழ சைக்கிள் கடைலங்க... சத்தியமாங்க... சரிங்க. காட்டறேங்க."

வீடியோவுக்கு மாற்றப் போன விரல் சட்டென்று நின்றது. மறு கை மேலே போய் மீசையை ஒரே இழுப்பாக இழுத்துத் தரையில் போட்டது. மேலுதடு செக்கச் சிவந்துவிட்டது.

பிறகு போனை முன்னால் பிடித்துக்கொண்டு, பெரியக்கா அறையை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கதவுக்குப் பின்னால் காட்டினார். குனிந்து மேஜைக்கு அடியில் காட்டினார்.

போன் தங்கள் பக்கம் வந்தபோது எல்லோரும் குரூப் போட்டோவுக்கு உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கணக்கு டீச்சர் லேசாகச் சிரித்தும் வைத்தார்.

போன் அணைந்தது. பெரியக்கா அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பாதியில் மாட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டார்.

"அப்புறம்... அடுத்தது யாரு?" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேப்காரி எழுந்தாள். தரையில் கிடந்த மீசையை எடுத்துத் தூசியை ஊதினாள். தன் மூக்குக்குக் கீழே வைத்து அழுத்தினாள். பசை போய்விட்டிருந்தது; ஒரு விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அப்படியே பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றாள்.

"நீங்கதான்க்கா."