நீல விளக்கு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகும் பழைய காருக்குப் புது ஸ்டீரியோ மாட்டினார்கள். மாட்டியவர் ஒயரைச் சாவியோடு சேர்க்காமல் நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டதால், வண்டி ஷெட்டில் நின்றபோதும் அதன் நீல விளக்கு அணையவில்லை.

“அக்கா, இவன் என்னை உறிஞ்சுறான். ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்ப மாட்டீங்க. ஒயர் தளர்வாத்தான் இருக்கு, ஒரு உலுக்கு உலுக்கிடுங்க,” என்றது பேட்டரி. அது வாயைத் திறந்தாலே குறைதான்.

கார் உலுக்கப் போனது.

“அக்கா, தூங்கிட்டீங்களா?” என்று கேட்டது ஸ்டீரியோ.

இத்தனை வருஷத்தில் காரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“இல்லடா, சொல்லு,” என்றது கார்.

ஆறு நாளும் பேசினார்கள்.

ஞாயிறன்று ஐயா சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றதோடு சரி. ஷெட்டைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்தார்.

ஆட்டோ சத்தம் தேயும்வரை காத்திருந்த கார், “தம்பி, முழிச்சிருக்கியா?” என்று கேட்டது.

நீல விளக்கு அணைந்திருந்தது.