நாலாம் பந்து

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதியன்னூரில் பிபின் வீட்டில் இருக்கும் 'பின்பால்' மெஷினில், பந்தை முட்டுகளில் மோதவிட்டுப் புள்ளி சேர்க்கும் ஆட்டத்தில், மூன்று பேர் போட்டி போடுவார்கள்: பிபின், மனைவி ஜிஜா, பக்கத்து வீட்டு மோகனன். ஆளுக்கு ஒரு தடவையாகத் தொடக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தினாலும் திரையில் நான்கு ஆட்டக்காரர்கள் வருவார்கள். பிபின் பொத்தானை மாற்றினான், வயரை மாற்றினான். நான்குதான்.

அடுத்தவருடைய பந்தை ஒருவர் ஆடினால் அவர் ஆட்டம் செல்லாது என்பது விதி. அதனால் மெஷின் நாலாம் பந்தை எறியும்போது மூவரும் சுவரோரம் விலகி நிற்பார்கள். பந்து நேராகக் கீழே விழுந்துவிடும்.

பெங்களூரில் நடக்கும் பின்பால் போட்டிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்த அன்று பிபின் புள்ளியில் முந்தியிருந்தான். நாலாம் பந்து விழவில்லை. முட்டுகளுக்கிடையே துள்ளிப் புள்ளி சேர்த்தது. பிபினை எட்ட நூறே பாக்கி.

"அந்த நாலாமத்தவரு ஜெயிச்சா பின்ன ஆரு போறது?" என்றாள் ஜிஜா.

உடனே திரையில் 'டில்ட்' என்று வந்து ஆட்டம் நின்றது. யாராவது மெஷினைப் பிடித்து உலுக்கினால்தான் அப்படி வரும்; மூவரும் சுவரோரம்தான் நின்றிருந்தார்கள்.

"விட்டுத் தந்ததாக்கும்," என்றார் மோகனன்.

பெங்களூரில் பிபினும் எதிராளியும் ஆளுக்கு ஒரு தடவையாக இரண்டு முறை பொத்தானை அழுத்தினார்கள். திரையில் மூன்று பேர் வந்தார்கள். எதிராளி நடுவரைக் கூப்பிட்டான். பிபின் விலகி, சுவரோரம் போய் நின்றான்.